எஞ்சின் ஓடுது, வண்டி ஓடல

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரமுடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. வந்ததுக்கு ஒரு கொசுவத்தியைச் சுத்திட்டு, அப்படியே கொஞ்சம் சரித்திரமும் பேசிட்டுப் போயிடறேன். வண்டி ஓட்டாதவங்க கூட படிக்கலாம், பயப்பட வேண்டாம் :-)

2004, பொங்கல் முடிஞ்ச சமயம். திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலைக்கு என்னோட பழைய நூறு சிசி வண்டியில் போய்க்கிட்டிருந்தேன். பின்னால் ஆறு வயசுப் பையன், என் இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. கரும்பு வெட்டு நேரம். செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால், ரோடு பூராவும் அடைச்சுக்கிட்டு ஒரு கரும்பு டிராக்டர். ரெண்டு பக்கமும் கரும்பு துருத்திக்கிட்டிருக்கு. எட்டிப் பார்த்தேன், எதிர்ல ஒரு பஸ், ஆனா தூரத்தில்தான். மூணாவது கியருக்கு இறக்கி, ஆக்ஸிலேட்டரை முறுக்கி வலது பக்கம் ஏறினேன்.

டிரெய்லருக்குப் பாதி நீளம் வந்திருப்பேன். காலுக்குக் கீழே 'டக்'னு ஒரு சத்தம். அடுத்த நொடி எஞ்சின் தொண்டை கிழியக் கத்துது. வண்டி மட்டும் முன்னால் போகல. முறுக்க முறுக்க சத்தம்தான் ஏறுது, வேகம் இறங்குது. பஸ்காரர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். பிரேக் ஒண்ணுதான் கையில் மிச்சம். அழுத்திப் பிடிச்சு, டிரெய்லர் முன்னால் போனதும் அதன் வால் பக்கமா இடது ஓரத்தில் விழாத குறையா ஒதுங்கினேன். பஸ் உரசின மாதிரி போச்சு. பையன், "ஏம்ப்பா நின்னுட்டோம்?"னு கேட்டான். எனக்குக் கை நடுங்கிக்கிட்டிருந்தது.

டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்தார். "இன்னா தம்பி, சங்கிலி பூட்ச்சா? சத்தம் எனக்கே கேட்டுச்சே" என்றார். அவர் காட்டின திசையில் ஒரு கிலோமீட்டர் தள்ளினதும், புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் கடை. அங்கே இருந்த பெரியவர் என்னை ஒரு வார்த்தை கேட்கல. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டார். எஞ்சினை அணைச்சு, கியரைப் போட்டார். பின் சக்கரத்தைக் கையால் சுத்தினார். சுலபமா சுத்துச்சு. செயின் கவரில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியைப் பிடுங்கி, கண்ணை வச்சுப் பார்த்தார். திரும்பவும் சக்கரத்தைச் சுத்தினார். "வீலு சுத்துது, செயின் சுத்தல. அவ்ளோதான்." மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த அரை நிமிஷத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் புரிஞ்சுக்க எனக்குச் சில வருஷம் ஆச்சு. பிறகு மோட்டார் சைக்கிள் சரித்திரத்தைத் தேடிப் படிக்கிற கிறுக்கு பிடிச்சப்போதான் விளங்குச்சு. எஞ்சினில் இருந்து சக்கரம் வரைக்கும் எந்தெந்த இடத்தில் வண்டி நம்மைக் கைவிடுமோ, அந்த ஒவ்வொரு இடமும் அதுக்கு முந்தி இருந்த ஒரு தொல்லைக்கு மருந்தாகச் சேர்த்த இடம். அதனால் வண்டி ஏன் நின்னுச்சுன்னு வரிசையா பார்க்கிறதும், மோட்டார் சைக்கிளோட வரலாற்றைப் பார்க்கிறதும் கிட்டத்தட்ட ஒரே வேலை.

முதலில் ஒரு சின்னப் பிரிவினை. ஓடும்போது திடீர்னு இழுவை போச்சுன்னா ரெண்டே சாதி. ஒண்ணு, எஞ்சினே செத்துப்போறது. அது பெட்ரோல் வரலைன்னு அர்த்தம், இல்லை பிளக்கில் பொறி வரலைன்னு அர்த்தம். (பெட்ரோல் மூடியில் இருக்கிற காத்து ஓட்டை அடைச்சுக்கிட்டா கூட இது நடக்கும். மூடியைத் திறந்து மூடினா மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்.) ரெண்டாவது சாதி எனக்கு நடந்தது. எஞ்சின் நல்லா ஓடுது, சக்கரத்துக்கு மட்டும் சேதி போகல. இந்தப் பதிவு ரெண்டாவது சாதியைப் பத்தி மட்டும்.

வேடிக்கை என்னன்னா, விலைக்கு வந்த ஆரம்பகால மோட்டார் சைக்கிளில் இந்த ரெண்டாவது வியாதி வர ரொம்ப வழியில்லை. 1894-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் ஹில்டபிராண்ட் - வோல்ஃப்முல்லர் என்று ஒரு வண்டி செய்தார்கள். சுமார் 1500 சிசி, ரெண்டரை குதிரைசக்தி. பிஸ்டனில் இருந்து வரும் தண்டு நேரா பின் சக்கரத்தோட கிராங்கில் மாட்டியிருக்கும், நம்ம ஊர் பழைய நீராவி ரயில் எஞ்சின் மாதிரி. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது, செயின் கிடையாது. பின் சக்கரம்தான் ஃப்ளைவீல். நடுவில் ஒண்ணுமே இல்லைன்னா எது அறுந்துபோகும்?

ஆனா அந்த வண்டியை ஓட்டணும்னா தள்ளிக்கிட்டே ஓடி, எஞ்சின் பிடிச்சதும் தாவி ஏறணும். நிறுத்தணும்னா எஞ்சினையே அணைக்கணும். சக்கரம் மெதுவா சுத்தினா எஞ்சினும் மெதுவாத்தான் சுத்தணும், அப்போ சக்தி வராது. ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கல. சில வருஷத்திலேயே கம்பெனி மூடியாச்சு. எஞ்சின் ஒரு வேகத்தில் சுத்தணும், சக்கரம் வேற வேகத்தில் சுத்தணும், நடுவில் ஒரு தரகர் வேணும். இதுதான் பாடம்.

முதல் தரகர், தோல் பெல்ட். இது அதுக்கும் முன்னாடியே இருந்ததுதான். 1885-ல் டைம்லர் செய்த மரச்சட்ட வண்டியிலேயே பெல்ட் உண்டு. 1900-க்குப் பிறகு இங்கிலாந்தில் வந்த பெரும்பாலான வண்டிகளும் பெல்ட்தான். எஞ்சினில் சின்ன கப்பி, பின் சக்கரத்தில் பெரிய கப்பி, நடுவில் பெல்ட். மலிவு. சத்தம் இல்லை. எஞ்சின் குலுங்கினாலும் பெல்ட் லேசா வழுக்கி, அந்தக் குலுக்கலைத் தானே முழுங்கிடும். ஆனா மழை பெய்தால்? ஈரத்தில் பெல்ட் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நிக்கும். எனக்குச் செஞ்சி ரோட்டில் நடந்தது அவங்களுக்கு மழை நாள்தோறும் நடந்தது. உபரி பெல்ட்டும் அதை இணைக்கிற கொக்கியும் இல்லாமல் விவரமான ஆள் யாரும் வெளியூர் கிளம்பமாட்டாங்க.

இந்தச் சண்டையைத் தெளிவா பார்க்கணும்னா ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போகணும். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கிற குட்டித் தீவு. 1907-ல் அங்கே முதல் டி.டி. பந்தயம் நடந்துச்சு. ஒத்தை சிலிண்டர் பிரிவில் சார்லி கோலியர் என்பவர் மேட்ச்லெஸ் வண்டியில் ஜெயிச்சார், சராசரி வேகம் மணிக்கு 38 மைல். ரெட்டை சிலிண்டர் பிரிவில் ஜெயிச்சவர் ரெம் ஃபவுலர், நார்ட்டன் வண்டியில் பெஜோ எஞ்சின். இவர் கதைதான் எனக்குப் பிடிச்சது. பிளக் மாத்த, பெல்ட்டைச் சரிபண்ண, டயரைப் பார்க்கன்னு வழியெல்லாம் நின்னு நின்னு போய் ஜெயிச்ச மனுஷன்!

இன்னொரு சமாச்சாரம். அந்த வருஷம் வண்டிகளில் பெடல் இருக்கலாம். கோலியரோட மேட்ச்லெஸ்ஸில் இருந்துச்சு. மேட்டில் எஞ்சின் திணறினா காலால் மிதிச்சு உதவலாம். ரெண்டாவதா வந்த டிரையம்ஃப் வண்டியில் பெடல் இல்லை. இது நியாயமான்னு பெரிய பேச்சாகி, 1908-ல் பெடலைத் தடை பண்ணிட்டாங்க. அந்த வருஷம் டிரையம்ஃப்தான் ஜெயிச்சது. இதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது நம்ம டி.வி.எஸ். 50. 1980-ல் ஓசூரில் இருந்து வந்த வண்டி. ரெண்டு பேர் உட்கார்ந்து பாலத்து மேட்டில் ஏறும்போது எத்தனை பேர் பெடலை மிதிச்சிருப்போம், கையைத் தூக்குங்க.

1911-ல் பந்தயத்தை மலைப்பாதைக்கு மாத்தினாங்க. சுத்து ஒண்ணுக்கு சுமார் 37 மைல், நடுவில் ஸ்நேஃபெல் மலைச்சரிவில் ஏறக்குறைய 1400 அடி உயரம் ஏறணும். ஒத்தை வேகத்தில் ஓடும் பெல்ட் வண்டிக்கு இது எமன். அமெரிக்காவில் இருந்து இந்தியன் என்கிற கம்பெனி வந்துச்சு. (பேருதான் இந்தியன், நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.) அவங்க வண்டியில் ரெண்டு வேக கியர்பாக்ஸ், கிளட்ச், பெல்ட்டுக்குப் பதில் செயின். முடிவு? சீனியர் பந்தயத்தில் முதல் இடம், ரெண்டாவது இடம், மூணாவது இடம், மூணும் இந்தியன். காட்ஃப்ரே, ஃபிராங்க்ளின், மூர்ஹவுஸ். ரெண்டாவதா வந்து சேர்ந்தவர் நம்ம கோலியர்தான், ஆனா அனுமதி இல்லாத இடத்தில் பெட்ரோல் போட்டதுக்காக அவரை நீக்கிட்டாங்க.

செயின் புதுசு இல்லை. மான்செஸ்டரில் குடியேறின ஹான்ஸ் ரெனால்ட் என்கிற சுவிஸ்காரர் 1880-லேயே புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். நம்ம சைக்கிளிலும் பைக்கிலும் ஓடுறது அந்தச் சாதிச் செயின்தான். பின், அதன்மேல் புஷ், அதன்மேல் உருளும் ரோலர். பல்லில் உரசாமல் உருண்டு உட்காரும். ஃபெலன் - மூர், ஸ்காட் மாதிரி சில இங்கிலாந்துக் கம்பெனிகளும் 1911-க்கு முன்னாடியே செயின் போட்டவங்கதான். அப்புறம் ஏன் மத்தவங்க பெல்ட்டையே கட்டிக்கிட்டு அழுதாங்க?

காரணம் இருக்கு. செயின் வழுக்காது. வழுக்காததால் எஞ்சினோட ஒவ்வொரு உதையும் அப்படியே சக்கரத்துக்குப் போகும். சக்கரம் குழியில் விழுந்த அடியும் அப்படியே எஞ்சினுக்கு வரும். பெல்ட்டோட குறைன்னு திட்டினோமே அந்த வழுக்கல், அதுதான் அத்தனை நாள் கியரையும் எஞ்சினையும் காப்பாத்திக்கிட்டிருந்தது. அதை எடுத்தாச்சுன்னா அதன் வேலையைச் செய்ய வேற ஆள் வேணும். அதனால்தான் செயினோட கூடவே நல்ல கிளட்ச்சும், பின் சக்கர மையத்தில் ரப்பர் துண்டுகளும் வந்துச்சு. ராயல் என்ஃபீல்டு முதல் உலகப்போருக்கு முன்னாடியே இந்த ரப்பர் மெத்தையைப் போட்டுட்டாங்க. 1955-ல் அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு வந்து, நம்ம திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பிச்சப்பவும் பின் சக்கரத்துக்குள்ளே அதே ரப்பர்தான்.

பெல்ட்டும் ஒரே நாளில் செத்துடல. ஸெனித் கம்பெனிக்காரங்க எஞ்சின் கப்பியையே அகலமாகவும் குறுகலாகவும் மாத்தி ஓட்டினாங்க. மேடு ஏறும் போட்டிகளில் மத்தவங்களால் பக்கத்தில் வரமுடியல, அதனால் சில போட்டிகளில் அந்த வண்டியைச் சேர்க்கவே மாட்டேன்னுட்டாங்க. அவங்க அதையே விளம்பரமா போட்டு வித்தாங்க! 1914 சீனியர் டி.டி.யில் ஜெயிச்ச ரட்ஜ் மல்ட்டி கூட பெல்ட் வண்டிதான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துத் தபால்காரர்கள் ஓட்டின டிரையம்ஃப் மாடல் எச், பாதிப் பாதி. எஞ்சினில் இருந்து மூணு வேக கியர்பாக்ஸ் வரைக்கும் செயின், அங்கிருந்து சக்கரத்துக்கு பெல்ட். போர்க்களத்துச் சேத்தில் பெல்ட் பட்ட பாட்டை நான் சொல்லணுமா? 1920கள் பாதியில் பெல்ட்டோட கதை முடிஞ்சுது.

இப்போ செஞ்சிப் பெரியவர்கிட்ட திரும்பி வருவோம். எஞ்சினில் இருந்து சக்கரம் வரை வரிசை: எஞ்சின், பிரைமரி (பல்சக்கரமோ செயினோ), கிளட்ச், கியர்பாக்ஸ், முன் பல்சக்கரம், செயின், பின் பல்சக்கரம், ரப்பர், சக்கரம். அவர் இதைக் கடைசியில் இருந்து முன்னோக்கிப் பார்த்தார். ஏன்னா கடைசியில் இருப்பதைப் பார்க்க எதையும் கழட்ட வேண்டாம்.

எஞ்சினை அணைச்சு கியரைப் போட்டுச் சக்கரத்தைச் சுத்தினா, நல்ல வண்டியில் சக்கரம் பிடிச்சுக்கும். சுலபமா சுத்துது, ஆனா செயின் சும்மா இருக்குன்னா, செயின் அறுந்துச்சு, இல்லை கழண்டுச்சு. சக்கரத்தோட செயினும் சேர்ந்து ஓடுது, முன் பல்சக்கரமும் சுத்துதுன்னா நோய் உள்ளே, கியர்பாக்ஸிலோ கிளட்ச்சிலோ. செயின் ஓடுது, முன் பல்சக்கரம் மட்டும் சுத்தலைன்னா செயின் பல்லைத் தாண்டுது. செயின் இழுபட்டு நீளுதுன்னு சொல்றோமே, இரும்பு நீளுறது இல்லை அது. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித்துளியா தேய்ஞ்சு, அத்தனை தேய்மானமும் சேர்ந்து நீளமாத் தெரியுது. பின் பல்சக்கரத்தோட பின்முனையில் செயினைப் பிடிச்சு வெளியே இழுங்க. பாதிப் பல் வெளியே தெரிஞ்சா செயினுக்குக் காலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். பல்சக்கரங்களையும் சேர்த்து மாத்திடுங்க.

கிளட்ச் போற விதமே வேற. 'டக்'னு சத்தம் வராது. மேட்டில், ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது, எஞ்சின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. கொஞ்சம் கருகின வாசனை வரும். முதலில் கேபிளைப் பாருங்க. கிளட்ச் லீவரில் கொஞ்சம் லூஸ் இல்லாமல் விறைப்பா இருந்தா கிளட்ச் எப்பவும் பாதி அமுங்கின நிலையிலேயே இருக்கும். அடுத்து ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைஞ்சு ஓடுது. காருக்கு ஊத்துற வழவழப்பு ஆயிலை இதில் ஊத்தினா தட்டுகள் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கான்னு பார்த்து வாங்கணும். பழைய புல்லட் வச்சிருக்கவங்களுக்கு இன்னும் சுலபமான சோதனை உண்டு. அதில் கிக்கர் கிளட்ச் வழியாத்தான் எஞ்சினைச் சுத்துது. உதைக்கும்போது கால் வெறுமனே கீழே போனா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: கிளட்ச் கேபிள் அறுந்தா இழுவை போகாது. கிளட்ச் பிடிச்சபடியே இருக்கும், விடுவிக்கத்தான் முடியாது.

ஆக பெரியவர் செயின்னு கண்டுபிடிச்சார். கவரைக் கழட்டினார். செயின் உள்ளே மூட்டையா கிடந்தது. நல்லவேளை, எஞ்சின் கூட்டை உடைக்காமல், சக்கரத்தைப் பூட்டாமல் விழுந்திருக்கு. பூட்டியிருந்தா இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை. இணைப்பு லிங்க்கோட வெளித்தகடும் லாக்கும் காணோம். செயின் புத்தம் புதுசு. அவர் நிமிர்ந்து பார்த்து, "இந்த லாக்க யாருபா போட்டது?" என்றார்.

"ஊர்ல ஒரு கடையில" என்றேன்.

"நீங்கதானேப்பா போட்டீங்க? நான்தானே கொறடு எடுத்துக் குடுத்தேன்" என்றான் பையன்.

பெரியவர் ஒண்ணும் சொல்லல. டப்பாவில் இருந்து ஒரு புது லாக்கை எடுத்து, பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு அவன் உள்ளங்கையில் வச்சார். "இது மீனு. இது தலை, இது வாலு. மீனு எப்பவும் தலைய முன்னாடி வச்சுத்தான் நீந்தும். மேல் செயின்ல இது தலை எஞ்சின் பக்கம் பாக்கணும்." மூடின முனை தலை. பிளந்த முனை வால். செயின் ஓடுற திசையில் மூடின முனை போனா, எதிலாவது இடிச்சாலும் லாக் இறுகும். பிளந்த முனை முன்னால் போனா, இடிக்கிற எதுவும் அதைக் கழட்டி எறிஞ்சிடும். முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மீனை வால் முன்னால் நீந்த விட்டிருந்தேன். அரை அங்குலத் தகடு, அதுவும் திருப்பிப் போட்டது. டிரெய்லருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் என் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினது அதுதான். அதைவிட, கடைக்காரன் தலையில் பழியைப் போட்ட அந்த ஒரு வரி இன்னும் உறுத்துது.

இப்போ அந்தப் பையன் ஆபீஸ் போறான், மின்சார ஸ்கூட்டரில். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கு. செயின் இல்லை, பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை. 1894 மியூனிக் வண்டி மாதிரி நடுவில் ஒண்ணுமே இல்லை. வீட்டம்மாவோட பெட்ரோல் ஸ்கூட்டரில் பார்த்தா ஸெனித் காலத்துக் கப்பி, அதே அகலும் குறுகும் வித்தை, அதே பெல்ட். 1984-ல் கைனெடிக் ஹோண்டா கொண்டுவந்து பழக்கினது. போன வருஷம் அந்த பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்னாங்க. போன் பண்ணி, "எஞ்சின் ஓடுது, வண்டி ஓடலங்க" என்றாங்க. "அப்படியே ஓரமா தள்ளி நிறுத்து, வர்றேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு முன்னாடி பையன் போய்ச் சேர்ந்துட்டான். நான் போனப்போ ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுத்திப் பார்த்துக்கிட்டிருந்தான்.

உங்க வண்டி உங்களை எங்கே, எப்படிக் கைவிட்டுதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. லாக்கைத் திருப்பிப் போட்டது நான் மட்டும்தானான்னு தெரிஞ்சுக்கணும்.